அன்பின் அதிகாரம் யாருக்காக எழுதப்பட்டது?

கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே ஒரு வசனம் இருக்கும், பல நேரம் அது "அன்பு ஒருக்காலும் ஒழியாது" என்பதுதான். திருமண ஆராதனையில் வேதபாடம் வாசிக்க யாராவது எழுந்தால், அது புதிய ஏற்பாட்டின் 1 கொரிந்தியர் 13 ஆக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதும் இதைத்தான். சபையில் இதற்குத் தனிப் பெயரே உண்டு: அன்பின் அதிகாரம்.

கேட்க இனிமையான பகுதி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அப்போஸ்தலன் பவுல் இதை எழுதியபோது அவர் முன்னால் மணமக்கள் யாரும் நிற்கவில்லை. கட்சி பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு சபை இருந்தது. ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டவர்கள் இருந்தார்கள். ஒரே கூட்டத்தில் ஒருவன் வயிறு முட்டக் குடித்திருக்க, இன்னொருவன் பட்டினியாக உட்கார்ந்திருந்தான். அவர்களுக்குப் போன கடிதத்தின் நடுவில்தான் இந்த வரிகள் வருகின்றன. அங்கிருந்து பிய்த்தெடுத்து வாழ்த்து அட்டையில் ஒட்டியதால் அதன் கூர்மை மழுங்கிவிட்டது என்று நான் நினைக்கிறேன். கிறிஸ்தவ வாழ்க்கையில் அன்புக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று புரிய வேண்டுமானால் கொரிந்துவுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

கி.மு. 146-இல் ரோமப் படை அழித்துப்போட்ட கிரேக்க ஊர் அது. நூறு வருடங்களுக்குப் பிறகு, கி.மு. 44-இல், யூலியஸ் சீசர் அதை மறுபடியும் குடியேற்ற உத்தரவிட்டார். வந்து குடியேறியவர்களில் பெரும்பகுதி விடுதலை பெற்ற அடிமைகள். இரண்டு கடல்களுக்கு நடுவே ஒடுங்கிய நிலம், கிழக்கே கெங்கிரேயா, வடக்கே லெகேயம் என்று இரண்டு துறைமுகங்கள். வியாபாரம் கொழித்தது. பரம்பரைப் பெருமை பேச ஆளில்லாத ஊரில் புதுப்பணம் பெருமை பேசியது. 1929-இல் அங்கே தோண்டியபோது ஒரு தளவரிசையில் பொறித்த எழுத்துகள் கிடைத்தன: ஏரஸ்து என்பவர் தமக்குக் கிடைத்த நகரப் பதவிக்காக இதைத் தம் சொந்தச் செலவில் போட்டார் என்று. நடக்கிற கல்லிலும் பெயர் போட்டுக்கொண்ட ஊர்.

பவுல் அங்கே வந்தது கி.பி. 50 வாக்கில். ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியோடு தங்கி, கூடாரத் தொழில் செய்துகொண்டே ஒன்றரை வருடம் போதித்தார். அந்தக் காலத்தை நாம் இவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் கல்லியோன் என்ற அதிபதி. அவர் பெயர் உள்ள கல்வெட்டு டெல்பியில் கிடைத்திருக்கிறது, அதை வைத்து அவர் பதவிக்காலம் 51-52 என்று கணக்கிடுகிறார்கள். பிறகு பவுல் போய்விட்டார். எபேசுவில் இருந்தபோது, 54 அல்லது 55 வாக்கில், கொரிந்துவிலிருந்து செய்திகள் வந்தன. குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டார் வந்து சொன்னார்கள், சபையாரும் கேள்விகள் எழுதி அனுப்பியிருந்தார்கள்.

நல்ல செய்தி ஒன்றுமில்லை. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன், நான் கேபாவை, அதாவது பேதுருவை, சேர்ந்தவன் என்று கட்சி. விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா கூடாதா என்பதில் விவரம் தெரிந்தவர்களுக்கும் மனச்சாட்சி உறுத்தியவர்களுக்கும் தகராறு. அன்னிய பாஷை, அதாவது ஆவியின் ஏவுதலால் மற்றவர்களுக்குப் புரியாத மொழி, பேசுகிறவர்கள் தங்களையே ஆவிக்குரியவர்கள் என்று எண்ணிக்கொண்டார்கள். இதெல்லாம் போக, சாப்பாடு.

சாப்பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் பார்வையில் கடிதத்தின் மையமே அங்குதான் இருக்கிறது. அப்போது சபைக்கென்று கட்டிடம் கிடையாது. வசதியுள்ள ஒருவர் வீட்டில் கூடுவார்கள். கர்த்தருடைய பந்தி என்பது இன்று நாம் வாங்கும் ஒரு துண்டு அப்பமும் ஒரு மடக்கு ரசமும் மட்டுமாக இருக்கவில்லை. அதோடு முழுச் சாப்பாடும் இருந்தது. ரோமப் பெரிய வீடுகளின் சாப்பாட்டு அறையில் மூன்று திண்டுகள் இருக்கும், வழக்கமாக ஒன்பது பேர் சாய்ந்து சாப்பிடலாம். மற்றவர்கள் வெளி முற்றத்தில்தான். உள்ளே யார், வெளியே யார் என்பதைத் தகுதி தீர்மானித்தது. ஒரே விருந்தில் ஆளுக்கேற்ற சாப்பாடு போடுவதும் அன்று சகஜம். இளைய பிளினி என்ற ரோம எழுத்தாளர் தம் கடிதம் ஒன்றில் அப்படிப்பட்ட விருந்து ஒன்றைக் கண்டித்து எழுதியிருக்கிறார்: விருந்து வைத்தவருக்கும் அவருக்கு வேண்டிய சிலருக்கும் உயர்ந்த உணவு, மீதிப் பேருக்கு மட்டமானது, திராட்சரசம்கூட மூன்று தரம்.

கொரிந்து சபையார் தங்கள் ஊர் வழக்கத்தை அப்படியே ஆராதனைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். வசதியானவர்களுக்கு நேரம் இருந்தது, முன்னாலேயே வந்து சாப்பிட்டார்கள். அடிமைகளும் கூலியாட்களும் வேலை முடித்து வர வேண்டும். அவர்கள் வரும்போது பாத்திரம் காலி என்றுதான் பல ஆய்வாளர்கள் அந்தக் காட்சியைப் புரிந்துகொள்கிறார்கள். பவுல் எழுதுகிறார்: "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." வெறி என்றால் குடிவெறி. இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்கிறார். ஜெபம் சரியாக இருந்திருக்கலாம், உபதேசம் சரியாக இருந்திருக்கலாம். பக்கத்தில் இருந்தவன் பசியோடு இருந்ததால் எல்லாமே கெட்டுப்போயிற்று. இதற்கு அவர் சொன்ன மருந்து மிகச் சாதாரணமானது: சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

காத்திருப்பது. அன்பின் அதிகாரம் வருவதற்கு இரண்டு அதிகாரத்துக்கு முன்பே அன்பு என்ன செய்யும் என்பது இப்படி வந்துவிடுகிறது.

12-ஆம் அதிகாரத்தில் ஆவியின் வரங்கள், 14-இலும் அதே வரங்கள். நடுவில் 13. இடையில் சொருகிய கவிதை போல அது தோன்றலாம், ஆனால் அதன் ஒவ்வொரு வரியும் அந்தச் சபையின் ஏதோ ஒரு நோயைத் தொடுகிறது. "சத்தமிடுகிற வெண்கலம்" என்கிறார். கொரிந்து வெண்கலம் என்றால் ரோம உலகமே பெருமையாகப் பேசிய சரக்கு. பாஷை பேசுவதில் பெருமைப்பட்டவர்களிடம், அன்பில்லாத உங்கள் பேச்சு உங்கள் ஊர்ப் பட்டறைச் சத்தம் என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்? "கண்ணாடியிலே நிழலாட்டமாய்" என்பதையும் அங்கே வைத்துப் படிக்க வேண்டும். அன்றைய கண்ணாடி மெருகேற்றிய உலோகத் தகடுதான். எல்லாம் தெரிந்தவர்கள் என்று எண்ணியவர்களிடம், நாம் இப்போது பார்ப்பது அவ்வளவுதான் என்கிறார்.

அன்பைப் பற்றிய புகழ்பெற்ற பட்டியலில் கிரேக்க மூலத்தில் 4 முதல் 7 வரையுள்ள வசனங்களில் பதினைந்து வினைச்சொற்கள் இருக்கின்றன. நமது பழைய மொழிபெயர்ப்பு "நீடிய சாந்தமும் தயவுமுள்ளது" என்று குணங்களாகத் தொடங்குகிறது. மூலத்திலோ அவையும் செயல்கள்தான். அன்பு பொறுத்துக்கொள்கிறது, தயவு செய்கிறது என்ற மாதிரி. அன்பு எப்படிப்பட்ட உணர்ச்சி என்று பவுல் விவரிக்கவே இல்லை. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று மட்டும் சொல்கிறார்.

அப்புறம் அந்தச் செய்யாதவைகளைக் கவனியுங்கள். "அன்புக்குப் பொறாமையில்லை." மூன்றாம் அதிகாரத்தில் உங்களுக்குள்ளே பொறாமையும் வாக்குவாதமும் இருக்கிறதே என்று அவர்களைக் கண்டித்திருக்கிறார். "இறுமாப்பாயிராது." இதே கிரேக்கச் சொல் அதற்கு முன் நான்காம், ஐந்தாம், எட்டாம் அதிகாரங்களில் அவர்களைப் பற்றியே வருகிறது. அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும் என்று படையல் சாப்பாட்டு விவகாரத்தில் எழுதியவர் அவர். "தற்பொழிவை நாடாது" என்ற தொடர் இன்றைய காதுக்குப் பழையதாக இருக்கிறது. தன்னுடையதைத் தேடாது, தன்னலம் பார்க்காது என்பதே பொருள். உனக்குச் சாப்பிட உரிமை உண்டு, ஆனால் உன்னைப் பார்த்து இன்னொருவனுடைய மனச்சாட்சி உடைந்தால் அந்த உரிமையை விட்டுக்கொடு என்று பத்தாம் அதிகாரத்தில் அவர் சொன்னது இதே வார்த்தைகளில்தான்.

"தீங்கு நினையாது" என்பதில் வரும் கிரேக்கச் சொல் கணக்கு எழுதுகிறவர்களின் சொல். தீங்கைக் கணக்கில் ஏற்றி வைக்காது என்று புரிந்துகொள்ளலாம். வழக்கு மன்றத்துக்குப் போன சகோதரர்களுக்கு இது எங்கே பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நம்மிடையே மட்டும் என்ன? எப்போதோ நடந்த கல்யாணத்தில் முறையாக அழைக்கவில்லை என்பதற்காக ஒரே சபையில் இரண்டு குடும்பங்கள் பேசாமல் இருப்பதைப் பார்க்காதவர் யார்? நாள், கிழமை, யார் என்ன சொன்னார்கள் என்பது வரை கணக்கு சுத்தமாக இருக்கும். இருவரும் ஞாயிறு தவறாமல் வருவார்கள்.

மூன்றாம் வசனத்தில் இன்னொரு விஷயம். எனக்கு உண்டான எல்லாவற்றையும் அன்னதானம் பண்ணினாலும், சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தாலும், அன்பில்லாவிட்டால் பிரயோஜனமில்லை என்று படிக்கிறோம். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் "சுட்டெரிக்க" என்ற இடத்தில் "மேன்மைபாராட்ட" என்று இருக்கிறது. கிரேக்கத்தில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். தளவரிசையில் பெயர் பொறிக்கும் ஊருக்கு அந்த இரண்டாவது வாசிப்பு எவ்வளவு பொருந்துகிறது! எது மூலம் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எப்படியானாலும் அன்னதானம்கூட அன்பு இல்லாமல் நடக்கக்கூடும் என்பது அந்த வசனத்திலேயே இருக்கிறது. கொடுக்கிற கை, வாங்குகிறவனைக் கூனவைக்கவும் முடியும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனமில்லை. அன்பு "சகலத்தையும் சகிக்கும்" என்ற வரியை, அடி வாங்கி வீட்டை விட்டு வந்த பெண்களிடம் சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. வசனத்தைச் சொல்லி அனுப்பினால் ஆலோசனை வேதத்துக்கு ஒத்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கு முந்தின வரி என்ன? அன்பு அநியாயத்தில் சந்தோஷப்படாது, சத்தியத்தில் சந்தோஷப்படும். இதே கடிதத்தில் பவுல் எல்லா அநியாயத்தையும் சகிக்கச் சொல்லவில்லை. ஐந்தாம் அதிகாரத்தில், சபை கண்டும் காணாமல் விட்டிருந்த ஒரு பாவத்துக்காக அந்த ஆளை உங்கள் நடுவிலிருந்து தள்ளுங்கள் என்றே எழுதுகிறார். பலவீனரை வெட்கப்படுத்திய பலவான்களைப் பார்த்து எழுதிய அதிகாரத்தை எடுத்து, பலவீனரைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொல்வது, அதைத் தலைகீழாகப் பிடிப்பது.

அகாப்பே என்ற கிரேக்கச் சொல்லைப் பற்றி நிறைய பிரசங்கங்கள் கேட்டிருப்பீர்கள். அது தெய்வீக அன்புக்கு மட்டுமே உரிய தனிச் சொல் என்பார்கள். உண்மையில் அப்படியில்லை. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரின்மேல் கொண்ட கேடுகெட்ட ஆசைக்கும் இதே சொல்தான். சொல்லில் மந்திரம் எதுவும் இல்லை. அதற்குக் கிறிஸ்தவர்கள் தந்த அர்த்தம் வேறிடத்திலிருந்து வந்தது. லேவியராகமம் 19-ஐத் திறந்தால், "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்ற கட்டளைக்கு முன்னால் என்ன இருக்கிறது தெரியுமா? வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கு விடு. கூலிக்காரன் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்துக்கொள்ளாதே. குருடனுக்கு முன்னே தடுக்கலை வைக்காதே. அன்பு என்ற சொல் அந்த வயலுக்கும் கூலிக்கும் பிறகுதான் வருகிறது.

இயேசு அந்தக் கட்டளையை, தேவனிடத்தில் அன்புகூரும் கட்டளையோடு சேர்த்து, இவைகளிலும் பெரிய கட்டளை வேறொன்றுமில்லை என்றார். கடைசி இராப்போஜனத்தில், சீஷர்களின் கால்களைக் கழுவிய அதே இரவில், ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள், இதனால் நீங்கள் என் சீஷர்கள் என்று எல்லாரும் அறிவார்கள் என்று சொன்னார். அதுவும் சாப்பாட்டு மேசைதான். கொரிந்துவில் நடந்தது பவுலை ஏன் அவ்வளவு சுட்டது என்பது இப்போது விளங்கும். அந்த இரவை நினைவுகூரும் பந்தியிலேயே அந்த இரவில் சொன்னதை மீறியிருக்கிறார்கள். ஆதி சபை தன் பொது விருந்துக்கே அன்பின் விருந்து என்று பெயர் வைத்திருந்தது. யூதாவின் நிருபத்தில் அந்தப் பெயர் இருக்கிறது.

கொரிந்துவைக் குறைசொல்லும்போது தமிழ்ச் சபை தன் சொந்த வரலாற்றையும் பார்க்க வேண்டும். நம்மிடமும் உள்ளே ஒன்பது பேர், வெளியே மற்றவர்கள் என்ற ஏற்பாடு இருந்தது. அதைத் தீர்மானித்தது சாதி. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடுகளை முற்றாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஆலயத்தில் தனித்தனி இடம், திருவிருந்தில் முதலில் யார் வருவது என்பவைதான் விவகாரம். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் அதை ஏற்கவில்லை, சபையை விட்டே விலகினார்கள். வேதம் அறியாதவர்கள் இல்லை இவர்கள். 13-ஆம் அதிகாரம் அவர்களுக்கு மனப்பாடமாகவே இருந்திருக்கும்.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்கத் திருச்சபையில் இது சுவராகவே நின்றது. 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயத்தில் பீடம் ஒன்று, ஆனால் அதற்கு முன்னால் இரண்டு தனித்தனிக் கூடங்கள். ஒன்றில் பிள்ளைமாரும் முதலியாரும், மற்றொன்றில் நாடார் முதலானவர்களும். ஒரே திருப்பலியைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்க்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டபோது, மறுபடி எழுப்பித்தர வேண்டும் என்று மேல்சாதியார் வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அங்கே தோற்றார்கள். சுவர் திரும்ப எழவில்லை. கல்லறைத் தோட்டங்களில் அந்தச் சுவரின் நிழல் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமாகவும் நம்மிடம் ஒன்று உண்டு. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பண்டிகை நாளில் அசனம் வைப்பார்கள். ஊரே சேர்ந்து காய் நறுக்கி, பெரிய பெரிய பாத்திரங்களில் ஆக்கி, பந்தி பந்தியாக உட்கார்ந்து ஒரே சோறு, ஒரே குழம்பு. வந்தவர் எந்த மதம் என்றுகூடக் கேட்பதில்லை. பவுல் கொரிந்துவில் தேடியது இந்தப் பந்திதான் என்று எனக்குத் தோன்றும். முதல் பந்தியில் யார் என்ற பேச்சு எழும் இடங்களில் மட்டும் பழைய கொரிந்து எட்டிப்பார்க்கிறது.

அதே கடிதத்தின் கடைசி அதிகாரத்துக்குப் போனால் அன்பு பணமாகிறது. எருசலேமிலுள்ள ஏழை விசுவாசிகளுக்காக, வாரத்தின் முதல்நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்துவைக்கச் சொல்கிறார். நான் வந்தபிறகு சேர்க்க ஆரம்பிக்காதீர்கள் என்கிறார். பணத்தைத் தாமே கையில் எடுத்துப்போகாமல், நீங்கள் தகுதியானவர்கள் என்று குறிக்கிறவர்களிடம் கடிதம் கொடுத்து அனுப்புவேன் என்கிறார். கொரிந்துவாசிகள் முகமே பார்த்திராத, வேறு மொழி பேசும் யூதர்களுக்கு, தவறாமல், கணக்கோடு. உணர்ச்சி பொங்கும் நேரத்தில் மட்டும் வரும் அன்பை அவர் நம்பவில்லை போலும், காலண்டரில் நாள் குறித்துவிட்டார்.

சரி, கடிதம் போனபின் கொரிந்து திருந்தியதா? சுமார் நாற்பது வருடம் கழித்து, கி.பி. 96 வாக்கில், ரோமச் சபை கொரிந்துவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுத வேண்டி வந்தது. கிளமெந்து எழுதியதாக அறியப்படும் கடிதம் அது. மறுபடியும் பிளவு. இந்தமுறை சில இளையவர்கள் சேர்ந்து, குற்றம் எதுவும் இல்லாத மூப்பர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். பவுலின் கடிதத்தைக் கையில் எடுங்கள், அவர் உங்களுக்கு முதலில் என்ன எழுதினார் என்று பாருங்கள் என்கிறது அந்தக் கடிதம். அன்பில் பிரிவினை இல்லை என்று 13-ஆம் அதிகாரத்தின் சாயலிலேயே பேசுகிறது. பிறகு ஒரு படி மேலே போகிறது. உங்களில் பெருந்தன்மையும் அன்பும் நிறைந்தவன் யார்? இந்தக் கலகம் என்னால் வந்தது என்றால் நான் விலகிப் போகிறேன், நீங்கள் சொல்லும் இடத்துக்குப் போகிறேன், மந்தை சமாதானமாக இருந்தால் போதும் என்று அவன் சொல்லட்டும் என்று கேட்கிறது. தங்களையே அடிமையாக விற்று, அந்த விலையில் பிறருக்குச் சோறு போட்டவர்கள் நம்மிடையே உண்டு என்றும் சொல்கிறது.

யாராவது எழுந்து அப்படிச் சொன்னார்களா, மூப்பர்கள் திரும்ப வந்தார்களா என்பதற்கு நேரான பதிவு இல்லை. ஆனால் கி.பி. 170 வாக்கில் கொரிந்துவின் ஆயராக இருந்த தியோனீசியு ரோமுக்கு எழுதிய ஒரு கடிதத்தின் சில வரிகளை வரலாற்றாசிரியர் யூசேபியு காப்பாற்றித் தந்திருக்கிறார். கிளமெந்து வழியாக முன்பு நீங்கள் அனுப்பிய கடிதத்தை நாங்கள் இன்னும் வாசித்துவருகிறோம் என்கிறார் தியோனீசியு. தங்களைக் கடிந்துகொண்ட கடிதத்தைத் தூக்கிப்போடாமல், அடுத்த தலைமுறைக்குப் பிறகும், கர்த்தருடைய நாளில் கூடிவந்த சபைக்கு முன்னால் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள்.